நந்தனுக்கு நெருப்பு, கிந்தனுக்கு ரயில்

(அம்பாசமுத்திரத்தில் நடந்த பொதுக்கூட்டத்தில் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் என்னும் பொருள்பற்றிச் செய்த சொற்பொழிவு)



இன்றைக்கு ஒரு சினிமாக்காரரைப்பற்றிப் பேசும்படி எனக்குக் கட்டளையிட்டிருக்கின்றீர்கள். இதில் எனக்குச் சிறிது சங்கடம் உண்டு. சினிமா என்பது ஜனங்களின் புத்தியையும் பணத்தையும் உறிஞ்சும் நோய்களில் ஒன்று என்று பெரியார் அவர்கள் மேடைதோறும் கண்டித்து வந்தவர். நாமும் நடிகனுடைய கட்-அவுட்டுக்குப் பாலாபிஷேகம் செய்கின்றவனைப் பார்த்துச் சிரிக்கின்றவர்கள்தாம். அப்படியிருக்க, ஒரு நடிகருடைய படத்துக்கு இங்கே மாலை போட்டு வைத்திருக்கின்றோமே, இது மட்டும் என்ன நியாயம் என்று யாராவது கேட்டால் அந்தக் கேள்வி சரியான கேள்வியே. அதற்குப் பதில் சொல்லத்தான் வந்திருக்கின்றேன்.

நான் அவரை நேரில் பார்த்தவனல்ல. அவர் 1957-ஆம் வருஷம் ஆகஸ்டு 30-ந் தேதி காலமானார். நான் பிறந்தது அதற்கு இருபது வருஷத்துக்கு மேல் கழித்து. பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்போடு நின்றவன். மற்றதெல்லாம் வாசகசாலையிலும் டீக்கடைப் பத்திரிகையிலும் பொறுக்கிக்கொண்டது. ஆகையால் பெரிய ஆராய்ச்சியை என்னிடத்தில் எதிர்பார்க்க வேண்டாம்.

கிருஷ்ணன் 1908-ஆம் வருஷம் நவம்பர் 29-ந் தேதி நாகர்கோயிலை அடுத்த ஒழுகினசேரியில் பிறந்தார். இந்தத் திருநெல்வேலிச் சீமையில் ஜனங்கள் வெள்ளைக்காரனை எதிர்த்துக் கிளம்பி, துப்பாக்கிச் சூடு பட்டதும் அதே வருஷந்தான். ஒழுகினசேரி அப்போது திருவாங்கூர் மகாராஜாவின் ராஜ்யத்தில் இருந்தது. தகப்பனார் பெயர் சுடலைமுத்து, தாயார் பெயர் இசக்கியம்மாள். இந்த இரண்டு பெயரையும் கேட்டவுடனே அவர் எந்த மண்ணின் பிள்ளை என்று உங்களுக்குத் தெரிந்துபோகும். சுடலையும் இசக்கியும் சம்ஸ்கிருதம் அறியாத தெய்வங்கள். அவர்களுக்குப் பூஜைமந்திரம் கிடையாது, கொடையும் வில்லுப்பாட்டுந்தான் உண்டு.

வீட்டில் வறுமை. ஆரம்ப வகுப்புகளோடு படிப்பு நின்றது. நாடகக் கொட்டகையில் சோடா விற்கும் பையனாக உள்ளே போனார். உள்ளே போனவர் மேடையைப் பார்த்தார், வில்லுப்பாட்டிலும் கைவைத்தார், பிறகு டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் கம்பெனியில் சேர்ந்தார். காசிருந்தால் அவரும் டிக்கெட் வாங்கிப் பார்த்துவிட்டு வீட்டுக்குத் திரும்பியிருப்பார் என்று நான் சில சமயம் வேடிக்கையாக நினைத்துக்கொள்வதுண்டு.

வில்லைப்பற்றி உங்களுக்கு நான் சொல்லுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பதுபோல. ஆனாலும் ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். பெரிய வில் ஒன்று, அதில் வரிசையாக மணிகள், அடிப்பதற்கு வீசுகோல், பக்கத்தில் ஒரு குடம், உடுக்கை, தாளம், கட்டை. இவ்வளவுதான் கச்சேரி. வாத்தியத்தில் பாதி குயவர் வீட்டிலும் தச்சர் வீட்டிலும் கிடைப்பது. அண்ணாவி ஒரு வரி பாட, பக்கத்திலிருப்பவர் ‘ஆமா’ போட்டு எதிர்க்கேள்வி கேட்க, கதை நகரும். கேட்கிறவன் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும், வாய் திறக்கக் கூடாது என்பது கோயில் உபந்நியாசத்தின் சட்டம். வில்லில் கேள்வி கேட்பதற்கென்றே ஓர் ஆள் உட்கார்ந்திருக்கின்றான். கிருஷ்ணன் பிற்காலத்தில் செய்த அத்தனை ஹாஸ்யமும் இந்த எதிர்க்கேள்வியிலிருந்து வந்தது என்பது என் அபிப்பிராயம்.

இங்கிருந்து பாபநாசம் வழியாக மலையேறினால் காரையாற்றுப் பக்கம் சொரிமுத்து ஐயனார் கோயில் இருக்கின்றது. ஆடி அமாவாசைக்கு நீங்களும் போயிருப்பீர்கள். அங்கே முத்துப்பட்டன் கதை பாடுகிறார்கள். பார்ப்பன இளைஞன் ஒருவன் பொம்மக்கா, திம்மக்கா என்னும் சக்கிலியப் பெண்கள் இருவரைக் காதலித்து, பூணூலை அறுத்தெறிந்து, செருப்புத் தைத்து, மாமனாரின் மாடுகளைக் காக்கப் போய் மாண்ட கதை. எவ்வளவு துணிச்சலான கதை, பாருங்கள்! ஆனால் பிற்காலத்தில் ஒரு பாடத்தில் என்ன செய்து வைத்தார்கள் தெரியுமா? அந்தப் பெண்கள் உண்மையில் பார்ப்பனக் குழந்தைகளாம், காட்டில் விடப்பட்டு அந்த வீட்டில் வளர்ந்தார்களாம். நாங்குநேரி நா.வானமாமலை அவர்கள் நாட்டுப்பாடல்களைத் திரட்டி ஆராய்ந்தபோது இந்த மோசடியை வெளியிலெடுத்துக் காட்டினார். இந்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கிந்தனைப்பற்றிச் சொல்லும்போது வேண்டியிருக்கும்.

சினிமாவுக்கு வருவோம். ‘சதி லீலாவதி’ 1936-இல் வெளிவந்தது. எம்.ஜி.ஆருக்கும் நம் திருநெல்வேலிச் சீமை டி.எஸ்.பாலையாவுக்கும் அதுவே முதற்படம். கிருஷ்ணன் தொடக்கத்தில் நடித்த படங்களில் ஒன்று. அந்தக் காலத்தில் நடிக்கின்றவனே பாடவேண்டும். படம் பிடிக்கும்போதே குரலையும் பிடிப்பார்கள். பின்னணிப் பாட்டு பிறகு வந்தது. ஆகவே குரல் உள்ளவன்தான் ராஜா. நம் மலையடிவாரத்துச் செங்கோட்டை கிட்டப்பாவைப்போன்ற சாரீரம் இருந்தால் ஊரே திரண்டு ஓடும். அவர் பாவம், இருபத்தேழாம் வயதில், 1933-இலேயே போய்விட்டார். தியாகராஜ பாகவதர் மேல் ஸ்தாயியில் எட்டுக்கட்டை பிடித்தார் என்றால், கொட்டகையே மூச்சுவிடாமல் கேட்கும்.

கிருஷ்ணனுக்கு அந்தச் சாரீரம் கிடையாது. பேசுகிற குரலிலேயே பாடினார். நாலு பேர் திண்ணையில் உட்கார்ந்து பேசினால் எப்படியிருக்குமோ, அப்படித்தான் அவர் பாட்டு இருக்கும். அதனால் ஒவ்வொரு எழுத்தும் காதில் விழுந்தது. பாகவதர் பாட்டைக் கேட்டவன் ராகத்தை வீட்டுக்குக் கொண்டுபோனான், கிருஷ்ணன் பாட்டைக் கேட்டவன் விஷயத்தைக் கொண்டுபோனான். பின்னணிக்காரர்கள் வந்து மற்ற நடிகர்கள் வாயை மட்டும் அசைக்கத் தொடங்கிய பின்பும் இவர் தம் பாட்டைத் தாமே பாடினார். 1956-இல் வந்த ‘ராஜா ராணி’யில் விதவிதமான சிரிப்புகளைச் சிரித்துக்காட்டியே ஒரு பாட்டை ஒப்பேற்றியிருக்கின்றார். அதை வேறொருவர் பின்னணியில் எப்படிச் சிரிக்க முடியும்? உடுமலை நாராயண கவி எழுத, இவர் பாட, அந்தக் கூட்டு எத்தனையோ பிரசாரகர்கள் செய்ய முடியாத வேலையைச் செய்தது. விஞ்ஞானம் வளரவேண்டும் என்பதைப் புருஷனும் பெண்டாட்டியும் வழக்காடுவதுபோலப் பாடி, மின்சாரத்தையும் இயந்திரத்தையும் அடுப்படிவரையில் கொண்டுவந்து நிறுத்தினார்.

அந்தப் பெண்டாட்டி திருச்சி டி.ஏ.மதுரம் அம்மையார். திரையிலும் வீட்டிலும் துணைவி. படத்தில் அந்த அம்மாள் புருஷன் சொல்லுக்குத் தலையாட்டுகின்ற பதிவிரதையாக வரவில்லை, பதிலுக்குப் பதில் கொடுத்தார். ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். கிருஷ்ணனுக்கு முன்பே கலியாணமாகியிருந்தது. மதுரம் இரண்டாந்தாரம், பின்னால் மதுரத்தின் தங்கையையும் மணந்தார். பெண் விடுதலை பேசுகின்ற மேடையில் இதற்கு வக்காலத்து வாங்க என்னால் முடியாது. புராணப் படங்களிலும் அவர் ஏராளமாக நடித்திருக்கின்றார். சம்பளம் அங்கேதான் இருந்தது. நாமம் போட்ட படத்துக்குள் புகுந்து கேலி செய்துவிட்டு வந்தார் என்பது மட்டும் ஒரு சமாதானம்.

1944 நவம்பரில் சென்னை வேப்பேரியில் லட்சுமிகாந்தன் என்னும் பத்திரிகைக்காரர் குத்தப்பட்டு மறுநாள் இறந்தார். ‘சினிமா தூது’, பிறகு ‘இந்துநேசன்’ என்று நடிக நடிகைகளின் அந்தரங்கத்தை அச்சடித்து விற்றவர். டிசம்பரில் பாகவதரும் கிருஷ்ணனும் கைதானார்கள். 1945-இல் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. ‘ஹரிதாஸ்’ படம் கொட்டகையில் நிறைந்து ஓடிக்கொண்டிருக்க, அதில் நடித்த இருவரும் சிறையில் இருந்தார்கள். ஊரெல்லாம் தலைவிதி, கிரகசாரம் என்று பேசியது. ஆனால் வெளியே கொண்டுவந்தது பரிகாரமல்ல, அப்பீல்! லண்டன் பிரிவி கவுன்சில்வரையில் போய், வழக்கு மறுபடியும் ஐகோர்ட்டுக்கு வந்து, வக்கீல் எத்திராஜ் வாதாடி, 1947 ஏப்ரலில் விடுதலையானார்கள். அந்த இரண்டேகால் வருஷமும் மதுரம் அம்மையார் ஒப்பாரி வைத்துக்கொண்டிருக்கவில்லை. எஸ்.வி.சகஸ்ரநாமம் துணையோடு நாடக சபையை நடத்தி, ‘பைத்தியக்காரன்’ நாடகத்தை மேடையேற்றினார். அது 1947-இல் படமாகவும் வந்தது. விடுதலைக்குப் பிறகு பாகவதரின் படங்கள் முன்போல் ஓடவில்லை. கிருஷ்ணன் எழுந்து நின்றுவிட்டார்.

இனிக் கிந்தனுக்கு வருகின்றேன். இதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டேன்.

நந்தன் கதை உங்களுக்குத் தெரியும். சேக்கிழாரின் பெரிய புராணத்தில் நந்தனாரைக் கொடுமைப்படுத்தும் பார்ப்பனப் பண்ணையார் கிடையாது. கோபாலகிருஷ்ண பாரதியார் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கீர்த்தனையாகப் பாடியபோது அவரைக் கொண்டுவந்தார். ஆனால் இரண்டிலும் முடிவு ஒன்றே. நந்தன் தில்லைக்குள் போகவேண்டுமானால் நெருப்பில் மூழ்கவேண்டும். மூழ்கியெழுந்தால் பூணூலோடு முனிவராகிவிடுகின்றான். நான் கேட்கின்றேன், பறையனாகவே உள்ளே போக ஏன் விடவில்லை? முத்துப்பட்டன் கதையில் பெண்களைப் பார்ப்பனக் குழந்தைகளாக்கினார்களே, அதே வேலை இங்கே நெருப்பைக்கொண்டு நடந்திருக்கின்றது.

கிருஷ்ணன் என்ன செய்தார்? பாகவதர்கள் வைத்திருந்த அதே காலட்சேபத்தை, அதே சிப்ளாக்கட்டையை எடுத்துக்கொண்டு ‘கிந்தனார்’ சரித்திரம் பாடினார். அண்ணா அவர்களின் கதை வசனத்தில் முதலில் திரைக்கு வந்த ‘நல்லதம்பி’யில், 1949-இல், அது இடம்பெற்றது. கிந்தன் ஆசைப்படுவது சிதம்பர தரிசனத்துக்கல்ல, படிப்புக்கு. வாத்தியார் விரட்டுகின்றார். கிந்தன் ரயிலேறிப் பட்டணம் போகின்றான், படிக்கின்றான், கல்வி அதிகாரியாகத் திரும்பி வருகின்றான். விரட்டினவர்களே வரவேற்க நிற்கின்றார்கள். அந்த நெருப்பில் நந்தன் இறங்கினான், நெருப்பு இழுத்த வண்டியில் கிந்தன் ஏறினான். ஏறின கிந்தன் கிந்தனாகவே இறங்கினான்! வேறு எதுவாகவும் மாறவில்லை. எல்லா ஜாதியும் ஒரே பலகையில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தது ரயிலில்தான். அந்த ரயில்வேயிலும் சாப்பாட்டு அறை மட்டும் பிராமணாளுக்கு வேறு, இதராளுக்கு வேறு என்று இருந்து, கிளர்ச்சிக்குப் பிறகு 1941-இல்தான் ஒழிந்தது.

என் பாட்டனார் பண்ணையில் மாடு மேய்த்தவர். இந்த ஆற்றங்கரை ஊர் ஒன்றில் டெண்டுக் கொட்டகையில் மணலைக் குவித்து உட்கார்ந்து அந்தப் படத்தைப் பார்த்தாராம். மறுநாள் விடியற்காலையில் என் தகப்பனாரை எழுப்பி, “ஏல, மாட்டுக்கு வேற ஆளு பாத்துக்கிடட்டும், நீ பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பு” என்று சொன்னாராம். பண்ணையில் கோபித்து ஒரு வருஷம் வேலையில்லை. வீட்டில் கம்பங்கூழுக்கும் முடை. என் தகப்பனார் அஞ்சு வகுப்பு படித்தார். அந்த அஞ்சு வகுப்பால்தான் என் கைக்குப் புத்தகம் வந்தது. நான் படித்த பள்ளிக்கூடத்தில் ஒரு வாத்தியார் என் ஜாதியை வகுப்பு முழுவதும் கேட்கும்படி சொல்லச்சொல்லிப் பின்பலகைக்கு அனுப்பினார் என்பது வேறு கதை. அவர் ‘நல்லதம்பி’ பார்க்கவில்லைபோலும்.

இதெல்லாம் பழங்கதை என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். 2023 ஆகஸ்டில் இதே ஜில்லா நாங்குநேரியில், நன்றாகப் படிக்கின்ற ஆதிதிராவிட மாணவன் ஒருவனை, உடன்படித்த பிள்ளைகளே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. அரசாங்கம் ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு அவர்களைக்கொண்டு விசாரித்தது. 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தார். பள்ளிக்கூடத்தில் ஜாதியைக் காட்டும் கயிறும் நெற்றிக்குறியும் கூடாது, பள்ளிகளின் பெயரில் ஜாதி கூடாது என்றெல்லாம் அதில் இருக்கின்றது. நம் பிள்ளைகளின் மணிக்கட்டில் கலர் கலராகக் கட்டியிருக்கின்ற கயிற்றைப்பற்றி ஒரு நீதிபதி வந்து சொல்லவேண்டியிருக்கின்றது! அதைக் கடையில் வாங்கிக் கொடுக்கின்றவர்கள் யார்? இந்தக் கூட்டத்தில் முன்வரிசையில் இருக்கின்ற தகப்பன்மார்களைத்தான் கேட்கின்றேன். கிந்தன் பட்டணத்திலிருந்து அதிகாரியாக இன்றைக்கு நம் ஊருக்கு வந்தால், உங்கள் பையன் மாலையோடு நிற்பானா, அரிவாளோடு நிற்பானா?

கிருஷ்ணன் கேட்டவருக்கெல்லாம் கொடுத்துக் கடைசியில் கையில் ஒன்றுமில்லாமல் போனார் என்பதை இந்நாளில் பெரிதாகச் சொல்லி, அவரைக் கொடைவள்ளல் கர்ணனாக்கிவிட்டார்கள். சென்னை தியாகராய நகரில் சிலை இருக்கின்றது. 1969 ஜனவரியில் நோயோடு வந்து அண்ணா அவர்கள் திறந்து வைத்தார், அவர் கடைசியாகக் கலந்துகொண்ட பொது நிகழ்ச்சி அது. சிலை இருக்கட்டும். ஆனால் கொடை கொடுத்தவர் அநேகர். கிந்தனாரைக் கொடுத்தவர் அவர் ஒருவரே.

சீட்டு ஒன்று வந்திருக்கின்றது. “கிருஷ்ணன் காந்தி பக்தர் அல்லவா? நீங்கள் ஏன் உரிமை கொண்டாடுகின்றீர்கள்?” என்று கேட்டிருக்கின்றார்கள். ஆமாம் தோழரே, காந்தியாரிடத்தில் மிகுந்த பற்றுள்ளவர். நாகர்கோயிலில் தம் சொந்தச் செலவில் காந்தியாருக்கு நினைவுத் தூண் எழுப்பினார். காந்தி கதையை வில்லில் பாடுவதற்காக நம் சத்திரம் புதுக்குளத்து சுப்பு ஆறுமுகம் என்னும் இளைஞரைச் சென்னைக்கு அழைத்துப்போனவரும் அவரே. அந்த இளைஞர் பிற்காலத்தில் வில்லிசைக்காகப் பத்மஸ்ரீ பெற்று, 2022-இல் தமது தொண்ணூற்று நான்காம் வயதில் மறைந்தார். 1951-இல் கிருஷ்ணன் ரஷியாவுக்கும் போய் வந்தார், கம்யூனிஸ்டு தோழர்களும் தங்களவர் என்கிறார்கள். நாங்கள் பத்திரம் எழுதி வாங்கவில்லை. அவர் யாருடைய ஆள் என்று கேட்பதைவிட, பாடினது சரியா தப்பா என்று கேளுங்கள்.

நேரமாகிவிட்டது. குடம் அடிக்கிறவர் பஸ் கிடைக்காமல் முக்கூடலில் நின்றவர் இப்போதுதான் வந்து சேர்ந்திருக்கின்றாராம். அடுத்துக் கிந்தனாரை வில்லில் பாடப் போகின்றார்கள். பிள்ளைகளை முன்னால் உட்காரவையுங்கள், பெரியவர்கள் கொஞ்சம் பின்னால் தள்ளி உட்காருங்கள்.