பேச்சுத் துணையே பெருந்துணை

நடுவர் அவர்களே! "கார் கிளம்பும்போதே பிள்ளை கையில் செல்போனைக் கொடுத்துவிட்டால், ஊர் போய்ச் சேரும்வரை சத்தமே வராது" என்றார் எதிரணி நண்பர். சத்தம் வராதய்யா, வாந்தி வரும்! (சிரிப்பு)

மடியிலிருக்கும் திரையையே பார்க்கிற கண், "நாம் அசையவில்லை" என்கிறது. காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்போ, "இல்லை, ஓடுகிறோம்" என்கிறது. சாட்சிகள் முரண்பட்டால் வயிறு தீர்ப்புச் சொல்லிவிடும்! (கைதட்டல்)

சென்னையிலிருந்து மதுரைக்குக் காரில் போனோம். 450 கிலோமீட்டருக்கு மேல். ஆறு வயதுப் பேத்தி திண்டிவனத்திலேயே, "ஊர் வந்துடுச்சா தாத்தா?" என்றாள். "சும்மா இரு" என்று அதட்டினேன். விழுப்புரம் தாண்டியதும் மெல்லக் கேட்டாள்: "ஊருக்கெல்லாம் பேசுறீங்க, என்கிட்ட பேச மாட்டீங்களா?"

சுருக்கென்றது ஐயா!

வண்டியை நிறுத்தச் சொல்லி, டீக்கடையோரம் கொஞ்சம் நடந்தோம். பிறகு விடுகதை போட்டோம், வயலில் கொக்கு எண்ணினோம். திருச்சிக் காவிரிப் பாலத்தில் மலைக்கோட்டையை முதலில் கண்டுபிடித்தவள் அவள்தான்!

மதுரையில் இறங்கும்போது என்ன கேட்டாள் தெரியுமா? "அதுக்குள்ள ஊர் வந்துடுச்சா தாத்தா?" (பலத்த கைதட்டல்)

ஆகவே, நெடும்பயணத்தில் பிள்ளைக்கு வேண்டியது கருவியல்ல, நம் பேச்சே என்று கூறி அமர்கிறேன்.