இரத்த பேதியும் இரத்தக் கட்டும்



வெளிக்குப் போகும்போது இரத்தமும் சளியும் போகிறது, வாரக்கணக்கில் நிற்கவில்லை. நாம் என்ன சொல்கிறோம்? "உடம்புச் சூடுங்க" என்கிறோம். "மூலமாத்தான் இருக்கும்" என்கிறோம். கூச்சப்பட்டு வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லாத பெண்கள் உண்டு. அது மூலமாக இருக்கலாம், சீதபேதியாக இருக்கலாம், குடல் காசநோயாகவும் இருக்கலாம். நாள்பட்ட குடல் அழற்சியாகவும் இருக்கலாம். பரிசோதித்தால்தான் தெரியும்.

குடல் அழற்சி ஒட்டுவாரொட்டி அல்ல. பெரும்பாலும் குடும்பம் நடத்துகிற இளம் வயதில் வருகிறது. மருந்தால் அடக்கி வைக்கலாம். அடக்காமல் விட்டால் இரத்தக் குழாயையும் தொடும். அமெரிக்காவின் மேயோ மருத்துவமனை டாக்டர்கள் 1936-லேயே இதை எழுதி வைத்தார்கள்.

"குடலுக்கும் காலுக்கும் என்னங்க சம்பந்தம்?" என்று கேட்பீர்கள். காயம் பட்டால் இரத்தம் உறைவது உடம்பின் காவல். குடல் முழுக்கப் புண்ணானால் அந்தக் காவல் ஓயாமல் வேலை செய்கிறது; இரத்தம் சீக்கிரம் உறைகிறது. பேதியில் நீர் வற்றினால் இரத்தம் இன்னும் கெட்டியாகும். படுத்தே கிடந்தால் காலில் ஓட்டம் மந்தமாகும். அப்போது காலின் உள்நரம்பில் கட்டி உறைகிறது. இந்நோய் உள்ளவர்களுக்கு அந்த ஆபத்து மற்றவர்களைவிட 2, 3 மடங்கு. நோய் முற்றிய நாட்களில் அதற்கும் மேல்.

ஒரு கால் மட்டும் வீங்கும். கெண்டைக்கால் வலிக்கும், சூடாக இருக்கும். உடனே "சுளுக்கு" என்று எண்ணெய் போட்டு நீவி விடுகிறோம். தயவுசெய்து நீவாதீர்கள்! கட்டி பிய்த்துக்கொண்டு நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. திடீர் மூச்சுத் திணறல், நெஞ்சுவலி வந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள்.

இனி, குடும்பநலம். மாலா-என் மாத்திரை நல்ல மாத்திரைதான். ஆனால் அதிலுள்ள ஈஸ்ட்ரோஜன் இரத்தம் உறைவதைக் கொஞ்சம் கூட்டும். குடல் அழற்சி உள்ள தாய் அதைத் தொடங்குமுன் டாக்டரிடம் நோயைச் சொல்ல வேண்டும். ஏற்கெனவே சாப்பிடுகிறவர்களும் போய்க் கேளுங்கள். கடும் பேதியில் மாத்திரை உடம்பில் சேராமலும் போகும். காப்பர்-டி, நிரோத் இரண்டிலும் இந்தத் தொல்லை இல்லை. குடும்பம் போதும் என்றால் கணவருக்கான வாசக்டமி எளிது.

குழந்தை வேண்டுமா? நோய் அடங்கியிருக்கும் காலத்தில் உண்டாவது நல்லது. சில மருந்துகளை முன்கூட்டியே மாற்ற வேண்டியிருக்கும், டாக்டரே மாற்றுவார். நீங்களாக மருந்தை நிறுத்த வேண்டாம். பிரசவத்துக்குப் பின் 6 வாரம் கால் வீக்கத்தைக் கவனியுங்கள்.

ஆண்களுக்கும் இது பொருந்தும். குடல் அழற்சி உள்ளவர் நாமக்கல் லாரியில் வெளிமாநிலம் போனாலும், பள்ளிபாளையம் தறியில் நின்றாலும் இடையிடையே நடக்க வேண்டும். தண்ணீர் குடிக்க வேண்டும். இந்நோய் மாரடைப்பு, பக்கவாத ஆபத்தையும் சற்றே கூட்டுகிறது. எனவே பீடி, சிகரெட் வேண்டாம். கடையில் வலி மாத்திரை வாங்கி விழுங்காதீர்கள். குடல் புண் கிளம்பும். 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் வீடு தேடி வருகிறது. இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கணவனிடம் மனைவி, மனைவியிடம் கணவன் கூச்சமின்றிச் சொல்லுங்கள். இருவருமாக ஆரம்ப சுகாதார நிலையம் போங்கள். அங்கிருந்து சேலம், நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வழி காட்டுவார்கள்.