உணவுக்கு முன், உணவுக்குப் பின்
(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



கணினியைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் என் பெரியம்மாவின் குளிசையிலிருந்து தொடங்குகிறேன். அவருக்குத் தைரொயிட் குறைபாடு. அந்தக் குளிசையை வெறும் வயிற்றில் எடுக்கவேண்டும். சாப்பாட்டோடு போனால் உடல் அதைச் சரியாக உறிஞ்சாது. மருந்து வாங்கிய இடத்தில் மும்மொழியில் அச்சடித்த ஒரு துண்டும் கொடுத்தார்கள். சிங்களத்தில் உணவுக்கு முன் என்று இருந்தது. தமிழில் உணவுக்குப் பின் என்று இருந்தது. பெரியம்மா தமிழைத்தான் வாசித்தார். ஏழு மாதம் காலைச் சாப்பாட்டை முடித்துவிட்டே விழுங்கினார். இரத்தப் பரிசோதனை சரிவரவில்லை, டொக்டர் அளவைக் கூட்டினார், களைப்பு மட்டும் போகவில்லை. சிங்களம் தெரிந்த மருமகள் ஒருநாள் துண்டை எடுத்துப் பார்த்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது.

மூன்று மொழியையும் தனித்தனியே தட்டச்சுச் செய்து, ஒன்றைத் திருத்தியபோது மற்றதை விட்டுவிட்டார்கள் என்றே நினைக்கிறேன். கெட்ட எண்ணம் எதுவும் இருந்திராது. ஆனால் ஒரு கருத்தை மூன்று இடத்தில் எழுதி வைத்தால் என்றோ ஒருநாள் அவை ஒன்றோடொன்று முரண்படத்தான் செய்யும்.

இதற்காகவே அமைந்ததுபோன்ற ஒரு கருவி இருக்கிறது. கிராமட்டிக்கல் ஃபிரேம்வேர்க் என்று பெயர், சுருக்கமாக ஜி.எஃப். பின்லாந்தைச் சேர்ந்த ஆர்னே ராந்தா என்பவர் 1998இல் பிரான்சின் கிரெனோபிள் நகரில், செரொக்ஸ் ஆய்வு நிலையத்தில் தொடங்கியது. பிறகு சுவீடனில் கோதன்பேர்க் பல்கலைக்கழகத்தில் வளர்ந்தது. இலவசமாகத் தரவிறக்கலாம். அவர் 2011இல் எழுதிய நூலும் உண்டு.

அடிப்படை எண்ணம் எளிது. கருத்தை ஒரு கோப்பில் ஒரே ஒரு முறை எழுதுகிறோம். அதில் எந்த மொழியும் இல்லை. 'அளவு', 'வேளை', 'அறிவுறுத்தல்' என்று வகைகள். ஓர் அளவும் ஒரு வேளையும் சேர்ந்தால் ஓர் அறிவுறுத்தல் என்று ஒரு விதி. அவ்வளவுதான். பிறகு மொழிக்கு ஒரு கோப்பு. அந்தக் கருத்தை இந்த மொழி எப்படிச் சொல்லும் என்பதை அதில் எழுதுகிறோம். ஆங்கிலக் கோப்பு வினையை முதலில் வைக்கும், தமிழும் சிங்களமும் கடைசியில் வைக்கும். தமிழில் 'இரண்டு குளிசைகள்' என்று எண் முன்னே வரும். சிங்களத்தில் 'பெதி தெகக்' என்று எண் பின்னே போகும். ஒன்றேயானால் 'பெத்தக்' என்று சொல்லே மாறிவிடும். அவரவர் வழக்கம் அவரவர் கோப்பில்.

முதல் நாளில் எல்லோரும் விழும் குழி ஒன்றைச் சொல்லவேண்டும். நானும் விழுந்தேன். உணவு என்ற சொல்லையும் 'க்கு' என்ற உருபையும் தனித்தனியே கொடுத்து, இரண்டு கூட்டல் குறியால் இணைத்தேன். நடுவில் இடைவெளியோடு 'உணவு க்கு' என்று வந்தது. ஒற்றைக் கூட்டல் குறி போட்டால் ஒட்டும். ஆனால் சொல் எது என்று முன்கூட்டியே தெரியாத இடத்தில் கருவி அதை ஏற்காது. இரண்டு மணித்தியாலம் திட்டித் தீர்த்துவிட்டு, கையேட்டைத் திறந்தேன். சொல்லை வெறுஞ்சொல்லாகக் கொடுக்காதே, அதன் வடிவங்கள் எல்லாவற்றையும் ஓர் அட்டவணையாகக் கொடு என்றிருந்தது. உணவு, உணவை, உணவால், உணவுக்கு... தரம் 9இல் நமது தமிழ் ரீச்சர் கரும்பலகையில் கோடு கீறி எழுதவைத்தாரே, அதே வேற்றுமை அட்டவணை! அன்று எதற்கு இது என்று முணுமுணுத்தவர்களில் நானும் ஒருத்தி.

இன்னும் இருக்கிறது. தமிழில் முன்னும் பின்னும் இரண்டுமே நான்காம் வேற்றுமையைக் கேட்கும். சிங்களத்தில் 'கேமட்ட பெர' என்றால் முன். பின் என்பதற்கோ 'கேமென் பசு', உருபே வேறு. ஆகவே எந்தச் சொல் எந்த வேற்றுமையைக் கேட்கிறது என்பதையும் அந்தச் சொல்லோடு எழுதிவைக்கவேண்டும். தமிழுக்கு வேறு தொல்லை. உணவுக்கு முன் என்பதில் ஒற்று இல்லை, உணவுக்குப் பின் என்பதில் ப் மிகும். ஆகவே நான்காம் வேற்றுமைக்கு அட்டவணையில் இரண்டு கட்டங்கள் வைத்தேன். வல்லினம் மிகும் இடம் தெரியாத நிரலாளர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் இந்த இடத்தில் பிழைவிடுவார்.

கோப்பின் பெயரும் உள்ளே எழுதும் பெயரும் ஒன்றாக இருக்கட்டும். பெயர்களை ஆங்கில எழுத்தில் வைத்து, தமிழை மேற்கோள் குறிக்குள் மட்டும் எழுதுங்கள். பழைய எழுத்துருக்கள் வேண்டாம், யுனிகோட்டில் சேமியுங்கள்.

இனி எனக்கு மிகப் பிடித்த பகுதி. ஒரு கட்டளையில் அந்த இலக்கணம் சொல்லக்கூடிய வாக்கியங்கள் எல்லாவற்றையும் அது வரிசையாகத் தரும். நான்கு அளவு, இரண்டு வேளை, எட்டு அறிவுறுத்தல். மூன்று மொழியில் 24 வரி. ஒரு மருந்தாளர் ஒரு பிளேன்ரீ குடித்து முடிப்பதற்குள் அத்தனையையும் சரிபார்த்துவிடலாம். இணையத்தில் நாம் அழுத்திப் பார்க்கும் மொழிபெயர்ப்புகளை அப்படி முழுவதும் சரிபார்க்க யாராலும் முடியாது.

குறையையும் சொல்லவேண்டும். இது கடிதம் மொழிபெயர்க்காது, கதை மொழிபெயர்க்காது. இலக்கணத்தில் இல்லாத வாக்கியத்தைக் கொடுத்தால் புரியவில்லை என்று நின்றுவிடும். மருந்துத் துண்டுக்கு அந்தக் குணம்தான் எனக்கு வேண்டும். அதேவேளை, நாமே ஒரு சொல்லைத் தவறாக எழுதினால் அந்தத் தவறு எல்லாத் துண்டிலும் ஒழுங்காக வரும். அதனால் மருந்தாளர் பார்க்காமல் எதையும் அச்சிடக்கூடாது.

இந்தியில், உருதுவில், நேபாளியில் இதற்குப் பெரிய இலக்கண நூலகங்களை எழுதி வைத்திருக்கிறார்கள். இந்தச் சிறிய வேலைக்கு நமக்கு அவ்வளவு தேவையில்லை. என் தமிழ்க் கோப்பு ஒரு பக்கத்துக்கு மேல் வராது. ஆனால் என் சிங்களம் கொழும்பு பஸ்ஸில் கற்ற சிங்களம். சிங்களம் முறையாகப் படித்த பழைய மாணவி ஒருவரும், மருந்தாளராக வேலைசெய்யும் ஒருவரும் எனக்கு வேண்டும். தேநீருக்குப் பின் பழைய புவியியல் அறையில் மடிக்கணினியோடு இருப்பேன். வெளிநாட்டிலிருந்து வந்திருப்பவர்களும் வாருங்கள். நோர்வேயிலும் ஜேர்மனியிலும் உங்கள் அம்மாமாரின் மருந்துப் பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கவேண்டும்.