கொடிமுந்திரி நாட்டவர் தேர்ந்த ஊர்



பணி ஓய்வுக்குப் பின் அயல்நாடு சென்று, திராட்சைத் தோட்டங்கள் சூழ்ந்த அமைதியான சிற்றூரொன்றில் எஞ்சிய நாளைக் கழிப்பது மேலைநாட்டார் பலரின் கனவு. இத்தாலியின் தஸ்கனிப் பகுதி அக்கனவுக்குப் பெயர் பெற்றது. அங்குள்ள கோர்த்தோனாவில் பழைய வீடொன்றை வாங்கிச் செப்பனிட்ட கதையை அமெரிக்க எழுத்தாளர் பிரான்சஸ் மேயஸ் 1996இல் நூலாக்கினார். கனவு மேலும் பரவிற்று. கோர்த்தோனாவிற்கு அண்மையில் மொந்தேபுல்சியானோ என்னும் மலையூர் உண்டு. மதுவால் புகழ்பெற்ற ஊர். அவ்வூரைப் பூர்விகமாகக் கொண்ட குடும்பத்தின் மகனொருவர் எதிர்த்திசையில் நடந்து மதுரைக்கு வந்தார். அவரே தத்துவ போதகர் எனத் தமிழுலகம் அறிந்த இராபர்ட் டி நொபிலி.

1577இல் உரோமில் பிறந்து, 1606இல் மதுரை அடைந்தவர் அவர். யவனர் கொணர்ந்த மதுவைப் பாண்டியன் நன்மாறன் பருகுவதை நக்கீரர் பாடிய புறநானூற்றுப் பாட்டு அவையோர் அறிந்ததே. அந்த யவனர் திசையிலிருந்து வந்தவரோ மதுவைத் துறந்தார், புலாலைத் துறந்தார். காவியுடுத்தி, ஒருவேளைச் சோறும் பாலும் கீரையுமாக வாழ்ந்தார். பூசைக்குத் திராட்சை இரசம் இன்றியமையாதது. ஆதலால் அது பலிபீடத்தின் எல்லையோடு நின்றது.

இத்துறவை முற்றும் போற்றிவிட முடியாது. உயர்குலத்தாரை அணுகும்பொருட்டு, பரதவரிடையே முன்பே பணிபுரிந்த கொன்சாலோ பெர்னாண்டஸ் பாதிரியாரிடமிருந்து விலகி வாழ்ந்தார் நொபிலி. சாதி வேலியைத் தகர்க்க வந்த இடத்தில் அதற்குள்ளேயே குடில் அமைத்துக்கொண்டார். தாழ்த்தப்பட்டோருக்கெனப் பண்டாரசாமிகள் என்னும் தனிப்பிரிவு 1640ஆம் ஆண்டளவில்தான் தோன்றியது. முப்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட தாமதம் சிறிதன்று.

மொழியில் அவர் செய்தது வேறு. சிவதருமர் என்னும் அந்தணரிடம் வடமொழி கற்றார். தமிழில் உரைநடை எழுதினார். செய்யுளே இலக்கியம் என்றிருந்த காலத்தில் ஞானோபதேச காண்டம், ஆத்தும நிருணயம் போன்ற நூல்கள் தருக்கத்தை உரைநடையில் நடத்திக் காட்டின. போர்த்துகீசியச் சொற்களை அப்படியே எடுத்தாளும் வழக்கை விடுத்து, கோவில், பூசை, அருள், குரு எனத் தமிழ்மக்கள் நாவில் இருந்த சொற்களையே கொண்டார். வடசொற் கலப்பு மிகுந்த நடைதான். இன்று படிப்பவருக்கு இடறும். கவிஞர்கள் அதைப் பொறுத்துக்கொண்டு படிக்கலாம். அந்நூல்களைத் தேடித் தொகுத்துப் பதிப்பித்த ச. இராசமாணிக்கம் அடிகளாருக்குத் தமிழ் கடன்பட்டிருக்கிறது.

இனி அவருடைய முதுமை. விரும்பிய ஊரில் கண்மூடும் உரிமை அவருக்கு வாய்க்கவில்லை. திருமலை நாயக்கர் காலத்து மதுரையில் 1640இல் சிறைவாசமும் நேர்ந்தது. அதன் பின்னும் ஊரை விட்டகல அவர் நினைக்கவில்லை. பார்வை மங்கிய நிலையில், 1640களின் நடுவில் மேலிடத்து ஆணை அவரை யாழ்ப்பாணத்திற்கு அனுப்பியது. பின்னர் மயிலாப்பூர். துறவிக்கு இடமாற்றம் புதிதன்று என்று கூறிவிடலாம். ஆயினும் நாற்பது ஆண்டளவு பழகிய தெருக்களையும் குரல்களையும் பார்வையிழந்த முதியவர் இழப்பதென்பது எளிய காரியமா? புதிய ஊரின் முகத்தை அவர் கண்ணால் அறிந்திருக்கவும் வழியில்லை.

மயிலாப்பூருக்கு அண்டையிலேயே சாந்தோம். போர்த்துகீசியர் ஆண்ட நகரம் அது. கோதுமை அப்பமும் மதுவும் ஐரோப்பியப் பேச்சும் கூப்பிடு தொலைவில் இருந்தன. அவரோ மண்குடிசையில் தங்கினார், கீரையுணவைக் கைவிடவில்லை. எழுதக் கண்ணில்லாமையால், தம் நூல்களைச் சீடர்களைக் கொண்டு படிக்கக் கேட்டு, வாய்மொழியாகச் சொல்லித் திருத்தி வந்தார். 1656 சனவரி 16இல் அக்குரல் நின்றது.