விதி யாருக்குப் புரிய வேண்டும்?

(ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் பேசியது)



மூன்று சென்ட் மனையில் வீடு கட்ட விரும்பிய ஒரு மில் தோழருடன் நான் அலுவலகத்துக்குப் போனேன். “பக்கவாட்டுத் திறவிடம் போதாது” என்று பிளானைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அப்படியென்றால் என்னவென்று கேட்டோம். பதில் இல்லை. வாசலில் நின்ற புரோக்கருக்கு மட்டும் தெரிந்திருந்தது. அதைச் சொல்ல அவன் கேட்ட கூலி, தோழரின் ஒரு மாதச் சம்பளம்!

விஷயம் இவ்வளவுதான்: சுவருக்கும் எல்லைக் கல்லுக்கும் நடுவே விட வேண்டிய சந்து அகலம் பற்றவில்லை. “தளப் பரப்புக் குறியீடு 2” என்பதும் இப்படித்தான். ஆயிரம் சதுர அடி மனையில் எல்லா மாடியும் சேர்த்து 2,000 சதுர அடி கட்டலாம். நாலாம் வகுப்புக் கணக்கு!

விதியே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. காற்றும் வெளிச்சமும் தீயணைப்பு வண்டி வர வழியும் ஏழைக்குத்தான் முதலில் தேவை. 2019-ம் ஆண்டு தமிழ்நாட்டுக் கட்டட விதிகளில் நமக்குச் சாதகமானதும் உண்டு. 10,000 சதுர மீட்டருக்கு மேல், அதாவது சுமார் இரண்டரை ஏக்கருக்கு மேல் மனைப் பிரிவு போடுகிறவன், சாலை போக மீதியில் பத்தில் ஒரு பங்கைப் பொது இடமாக விட்டாக வேண்டும். நேற்றுவரை நீங்கள் நடவு நட்ட வயல்தான் அது. அந்தப் பங்கு எங்கே என்று எந்த ஊரில் கேட்டோம்? விதி தெரிந்தால்தானே கேட்க!

2024 ஜூலையில் சுயசான்று முறை வந்தது. 2,500 சதுர அடிக்குள்ளான மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட, உரிய கட்டணம் செலுத்தி நாமே சான்றளித்து அனுமதி பெறலாம். நல்லது. ஆனால் கம்ப்யூட்டரில் மனுப்போட மறுபடியும் அதே புரோக்கர்தான்!

2005-ம் ஆண்டு தகவல் உரிமைச் சட்டத்தின் 4-வது பிரிவு, யாரும் கேட்காமலே அலுவலகம் தகவலை வெளியிட வேண்டும், உள்ளூர் மொழியைக் கவனத்தில் கொள்ள வேண்டும் என்கிறது. ஆகவே நமது கோரிக்கை இது: சந்து அகலம், உயரம், கட்டணம், பொது இடம் ஆகியவற்றைப் படம் போட்டுப் பேச்சுத் தமிழில் எழுதி அலுவலகச் சுவரில் ஒட்டு! கிராம சபையில் வாசித்துக் காட்டு! பிளானைத் திருப்பினால் காரணத்தைப் புரியும்படி எழுதிக் கொடு!

மனு மேடைக்குக் கீழே இருக்கிறது. கையெழுத்துத் தெரியாதவர்கள் ரேகை வைக்கலாம். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் கொடுக்கிறோம். மில்லில் இரவு ஷிப்ட் முடித்தவர்கள் நேரே அங்கு வந்துவிடுங்கள்.