நோன்புக்குள் புகும் பெருமை

4ஆம் நூற்றாண்டின் கடைசியில் எகிப்துப் பாலைவனத்தில் வாழ்ந்த துறவி எவாக்ரியுஸ், மனத்தைக் கெடுக்கும் எண்ணங்கள் எட்டு என்று வகுத்தார். முதலில் பெருந்தீனி, கடைசியில் வீண்புகழும் அகந்தையும். பசியையும் கோபத்தையும் அடக்கியவரிடம், 'அடக்கிவிட்டேன்' என்ற நினைப்போடு சேர்ந்தே இவை வந்துவிடும். அவருக்குப் பின் எழுதிய காசியான், வீண்புகழை வெங்காயம் என்றார். ஒரு தோலை உரித்தால் அடியில் இன்னொன்று. நோன்பை ஊரறிய இருந்தால் பெருமை. மறைத்து இருந்தால், மறைத்ததில் பெருமை. ஜெபிக்கிற எவருக்கும் இது தெரிந்த சங்கதிதான்.

இந்தப் பெருமைக்கு இடம் கொடுக்காதவரும் உண்டு. அதே எகிப்துப் பாலைவனத்தில் ஸ்கேத்திஸ் என்ற இடத்தில் மோசே என்றொரு துறவி; முன்பு கொள்ளைக்காரர். தவறு செய்த ஒரு சகோதரத் துறவியை விசாரிக்கச் சபை கூடியது. மோசே போகவில்லை. ஆள் அனுப்பிக் கூப்பிட்டதும், ஓட்டைக் குடத்தில் தண்ணீர் நிரப்பித் தூக்கிக்கொண்டு போனார். வழியெல்லாம் ஒழுகியது. என்ன இது என்றார்கள். தம் பாவங்களும் தமக்குப் பின்னால் இப்படித்தான் ஒழுகுகின்றன, தம் கண்ணில் படுவதில்லை, தாமா இன்னொருவரை விசாரிப்பது என்று கேட்டார். எல்லோரும் மதிக்கும் மூத்தவராகிவிட்ட பிறகு இப்படிக் கேட்டாரே, அதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. சபையார் மேற்கொண்டு எதுவும் பேசாமல் அந்தச் சகோதரரை மன்னித்துவிட்டார்கள்.