திங்கட்கிழமை மட்டும் நெட் வராத ஆபீஸ்

இன்னிக்கு கோடிங் பத்தி எதுவும் பேசப் போறதில்லை. எட்டு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஒரு ரூட்டர் இருக்கிற ஒரு சின்ன ஆபீஸ் கதை.

கோயம்புத்தூர்ல என் சித்தப்பா ஜிஎஸ்டி, வருமான வரி ஃபைலிங் பண்ணிக் கொடுக்கிற ஆபீஸ் வெச்சிருக்கார். சனி, ஞாயிறு லீவு. திங்கட்கிழமை காலையில சிஸ்டத்தை ஆன் பண்ணினா மூணு, நாலுல நெட் வராது. செவ்வாய்க்கிழமை ஒண்ணுல வராது. புதன்கிழமை எல்லாம் தானா சரியாகிடும். அடுத்த திங்கள் மறுபடியும் அதே கதை. ஆனா மாட்டுற சிஸ்டம் மட்டும் வேற வேற.

அங்க வேலை பார்க்கிற அக்கா ஒரு காரணம் கண்டுபிடிச்சாங்க. "தம்பி, திங்கக்கிழமை ஏழரைல இருந்து ஒம்போது ராகு காலமுங்க. எட்டே முக்காலுக்கே சுவிட்சைப் போட்டா எப்படி வரும்?"

நான் சிரிச்சேன். ஆனா இன்ஜினியரிங் படிச்ச நான் போன்ல சொன்ன தீர்வு என்ன தெரியுமா? "ரூட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சித்தப்பா." அவ்வளவுதான்.

அப்புறம் ஒரு மாசம் 20ஆம் தேதி திங்கட்கிழமையில வந்துச்சு. மாசாமாசம் ஃபைல் பண்றவங்களுக்கு 3பி ரிட்டர்னுக்கு அதுதான் கடைசி நாள். தாண்டினா ஒரு நாளைக்கு 50 ரூபாய் லேட் ஃபீஸ், கட்டாத வரிக்கு வருஷத்துக்கு 18 சதவீதம் வட்டி. அன்னிக்குப் பார்த்து, புதுசா சேர்ந்த பையனோட சிஸ்டம் மாட்டுச்சு. சித்தப்பா போன் பண்ணினார். "இவன் என்னத்தையோ டவுன்லோட் பண்ணிப் போட்டான் கண்ணு." நானும் யோசிக்காம, "வைரஸா இருக்கும், ஃபார்மட் பண்ணிடுங்க"ன்னுட்டேன்.

ஃபார்மட் பண்ணாங்க. அந்தப் பையன் ரெண்டு வாரமா எக்செல்ல ஏத்தி வெச்சிருந்த பில் விவரமெல்லாம் போச்சு. மொபைல் ஹாட்ஸ்பாட் போட்டு ராத்திரி வரைக்கும் உட்கார்ந்து ஃபைல் பண்ணாங்க. அடுத்த திங்கட்கிழமை வேற ஒரு சிஸ்டம் மாட்டினப்பதான் எனக்கு உறுத்துச்சு. அதுக்கடுத்த வாரம் லீவு போட்டுட்டு ஊருக்குப் போய், காலையில எட்டரைக்கே ஆபீஸ்ல உட்கார்ந்துட்டேன்.

இங்க ஒரு நிமிஷம் டெக்னிக்கலா பேசிடலாம். உங்க சிஸ்டம் நெட்வொர்க்ல சேரும்போது அதுக்கு ஒரு ஐபி முகவரி வேணும். அதைக் கொடுக்கிற ஏற்பாடுதான் டிஎச்சிபி. கல்யாணப் பந்தி மாதிரி நினைச்சுக்கோங்க. வாசல்ல நின்னு "எங்க உட்கார்றது?"ன்னு பொதுவா கேட்கிறீங்க. ஒருத்தர் "இங்க வாங்க"ன்னு இடம் காட்டுறார். "சரி, உட்காரட்டுமா?" "உட்காருங்க." இந்த நாலு பேச்சுதான் டிஎச்சிபி. அந்த இடம் நிரந்தரம் இல்லை, குறிப்பிட்ட நேரத்துக்குத்தான். அதுக்குப் பேர் லீஸ்.

அதனால நெட் வரலைன்னா ரூட்டரைத் தொடாதீங்க. முதல்ல சிஸ்டத்துக்கு என்ன முகவரி வந்திருக்குன்னு பாருங்க. விண்டோஸ்ல கமாண்ட் ப்ராம்ப்ட் திறந்து 'ஐபிகான்ஃபிக்', ஒரு ஸ்பேஸ், 'ஸ்லாஷ் ஆல்'. அந்த நம்பரே பாதி பிரச்சினையைச் சொல்லிடும்.

169.254ன்னு ஆரம்பிச்சா, யாருமே பதில் சொல்லலைன்னு அர்த்தம். சிஸ்டம் தானா ஒரு நம்பர் போட்டுக்கிச்சு. கேபிளைப் பாருங்க, ரூட்டர்ல டிஎச்சிபி ஆன்ல இருக்கான்னு பாருங்க, கொடுக்கிறதுக்கு முகவரி மிச்சம் இருக்கான்னும் பாருங்க. வர்ற போறவங்க போனுக்கெல்லாம் வைஃபை கொடுத்தே தீர்ந்து போயிருக்கலாம்.

நம்பர் சரியா இருந்தும் நெட் விட்டு விட்டு வந்தா, அதே நம்பரை வேற யாராவது வெச்சிருக்காங்களான்னு பாருங்க. கையால நம்பர் போட்டு வெச்ச பிரிண்டர்தான் பெரும்பாலும் மாட்டும்.

மூணாவது, உங்க ரூட்டர் கொடுக்கவே கொடுக்காத ஒரு நம்பர். அப்படின்னா வேற யாரோ பதில் சொல்லியிருக்காங்க.

சித்தப்பா ஆபீஸ் ரூட்டர் கொடுக்கிறது 192.168.1ல ஆரம்பிக்கும். அன்னிக்கு நெட் வராத மூணு சிஸ்டத்துலயும் 192.168.0ன்னு இருந்துச்சு. டிஎச்சிபி சர்வர்ங்கிற வரியில 192.168.0.1. அந்த நம்பரை பிரவுசர்ல போட்டேன். ஒரு ரூட்டரோட லாகின் பேஜ் வந்துச்சு. உள்ள போய் வைஃபை பேரைப் பார்த்தேன்.

எங்க வீட்டு வைஃபை பேர்.

பொங்கல் லீவுக்குப் போனப்ப, சித்தப்பா ரூம்ல சிக்னல் வரலைன்னு எங்க பழைய ரூட்டரைக் கொண்டு போய் மாட்டினது நான்தான். ஆபீஸ் கேபிளை அதோட லேன் போர்ட்ல சொருகினேன். அதுல டிஎச்சிபியை ஆஃப் பண்ணலை. பந்தியில இடம் காட்ட இப்ப ரெண்டு பேர். யார் முதல்ல கூப்பிடறாங்களோ அங்க போய் உட்கார்றோம். ஆனா என் ரூட்டர் பக்கம் இலை மட்டும்தான் இருக்கு, சாப்பாடு வராது. ஏன்னா அதுக்கு நெட் கனெக்ஷனே கிடையாது.

அப்ப ஏன் திங்கட்கிழமை மட்டும்? ஆபீஸ் ரூட்டர்ல லீஸ் ரெண்டு நாள். வார நாள்ல ராத்திரி அணைச்சுட்டு காலையில போட்டா, சிஸ்டம் பழைய முகவரியையே கேட்டு வாங்கிக்கும். சனி, ஞாயிறு லீவுல லீஸ் முடிஞ்சிடும். திங்கட்கிழமை எல்லாமே புதுசா வாசல்ல நிக்கும். என் ரூட்டர்ல லீஸ் ரெண்டே மணி நேரம். அங்க மாட்டினது மறுநாள் காலையில மறுபடியும் வாசலுக்கு வரும். இப்படியே ஒவ்வொண்ணா நல்ல பக்கம் போய்ச் சேர, புதன்கிழமை ஆகிடும்.

சரி பண்ண பத்து நிமிஷம்தான் ஆச்சு. என் ரூட்டர்ல டிஎச்சிபியை ஆஃப் பண்ணேன். அதோட முகவரியை 192.168.1.2ன்னு மாத்தினேன். மெயின் ரூட்டர் 100லேர்ந்துதான் கொடுக்கும், அதனால மோதல் இல்லை.

அப்புறம் அந்தப் பையன்கிட்ட போய், "உன் மேல தப்பே இல்லைப்பா. நான் மாட்டின ரூட்டர்தான் காரணம்"ன்னு சித்தப்பா முன்னாடியே சொன்னேன். அவன், "பரவாயில்லைங்ணா"ன்னான். போன பில் விவரத்தை அவன்கூட உட்கார்ந்து அன்னிக்கு சாயங்காலம் வரைக்கும் ஏத்திக் கொடுத்தேன். முழுசா முடிக்க முடியலை.

ரீஸ்டார்ட் பண்ணச் சொல்றதும், ஃபார்மட் பண்ணச் சொல்றதும் சுலபம். அதுக்கு முன்னாடி அந்த ஒரு வரியைப் படிக்கச் சொல்லியிருந்தா, ஒரு பையன் திட்டு வாங்கியிருக்க மாட்டான். உங்க வீட்டுலயோ ஆபீஸ்லயோ யாராவது போன் பண்ணி நெட் வரலைன்னா, முதல் கேள்வி இதுவா இருக்கட்டும்: "என்ன நம்பர் வந்திருக்கு?"

அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.